வெளிச்சத்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்ற அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்று ஆலய வாசலில் இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவர்கள் "உபதேசியார்". உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத்தில் வாரம் முழுவதும் பூச்சிமருந்தடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரை ஆலயத்தில் பிரசங்கம் செய்தவர்கள். நான் மூத்த மகள். எதையும் மறைக்காமல் எழுதும்படி அம்மா சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், செம்மண் தேரியை ஒட்டிய ஒரு பனங்காட்டு ஊரில். மழை பொய்த்துப் பனைகள் காய்ந்தபோது, மீசை அரும்பும் வயதில் ஒரு கங்காணியோடு மலையேறினார்கள். மாற்றுத் துணியும் வேதப்புத்தகமும்தான் கையில் இருந்தன. குளிருக்கும் அட்டைக் கடிக்கும் பழகி, இங்கேயே அம்மாவை மணந்து, லயத்து வரிசை வீட்டில் என்னையும் தம்பியையும் வளர்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வசனம் வாசித்துக் காட்டப் போய், அப்படியே உபதேசியார் ஆகிவிட்டார்கள்.

உயிர்த்தெழுந்த பண்டிகையின் அதிகாலை ஆராதனை மலை விளிம்பில் நடக்கும். கீழே கம்பம் பள்ளத்தாக்கு கருத்துக் கிடக்கும். கிழக்கு வெளுக்கும் நேரத்துக்கு அப்பாவின் பிரசங்கமும் வெளிச்சத்தில் வந்து நிற்கும். "பாருங்க, யாரும் கூப்பிடாமலே வருது. ஆண்டவரும் அப்படித்தான்" என்பார்கள். அதைக் கேட்கவே பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

எழுபதுகளின் நடுவில், மழை ஓய்ந்த ஒரு நாள், மருந்துப் பம்பின் குழாய் பிளந்து முகத்தில் பீய்ச்சியடித்தது. ஓடைத் தண்ணீரில் கழுவி, ஜீப்பில் கிடத்தி, மலையிறங்கி ஆசுபத்திரி சேர்வதற்குள் இரண்டு கண்களும் வெந்துவிட்டன. மதுரைக்கும் கொண்டுபோனோம். இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார்.

"கொஞ்சங்கூடவா? விடிஞ்சது மட்டும் தெரிஞ்சாப் போதுங்கய்யா" என்று அப்பா கேட்டார்கள்.

அதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா ஜெபிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்பு அம்மா கண்ணை மூடினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். வேதப்புத்தகத்தைத் தம் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னார்கள். அம்மாவும் நானும் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டால் நாள் முழுவதும் கட்டிலிலேயே இருப்பார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், மாம்சக் கண் போனால் என்ன, ஆத்துமாவில் வெளிச்சம் உண்டே என்றுதான் ஆறுதல் சொன்னார்கள். போதகரும் அதையே சொல்லி, வருகிற பண்டிகைக்கும் மலை விளிம்பு ஆராதனையில் அப்பாதான் பேச வேண்டும் என்று கேட்டார்.

"ஐயா, நான் எதைப் பாத்து வெளிச்சம்னு சொல்லுவேன்? எனக்கு உள்ளேயும் இருட்டுதான். இருக்குன்னு பொய் சொல்லச் சொல்லுதீங்களா?" என்று அப்பா கத்தினார்கள். போதகர் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அந்த வருடம் அவரே பேசினார். நாங்கள் யாரும் போகவில்லை.

அதற்குப் பின் ஒரு மத்தியானம் அம்மா காய்ச்சலால் பாதி வேலையில் திரும்பியபோது கட்டிலில் அப்பா இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு மலை விளிம்புக்குப் போகிற பாதையில் தனியே நடந்திருக்கிறார்கள். அம்மா ஓடிப்போய்ப் பார்த்தபோது கடைசிப் பாறையில் நின்றார்கள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் பள்ளம்.

"வராத. நீ வீட்டுக்குப் போ" என்றார்கள் அப்பா.

அம்மா கையைப் பிடித்து இழுக்கவில்லை. கிட்டப் போகப் பயந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "நான் போவல. நீங்க வந்தா வாறேன். இல்லேன்னா நானும் இங்கனதான்."

நான் தேடிக்கொண்டு போனபோது இருவரும் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா குழந்தை போல அழுதார்கள். இதை எழுதலாமா என்று அம்மாவிடம் பலமுறை கேட்டேன். "எழுது. அங்க போய் நிக்கிறவங்க இன்னும் இருக்காங்க" என்றார்கள்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் பக்கத்து லயத்து எஸ்தர் அக்காவின் ஒரே குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்தது. அடக்கம் முடிந்தும் அக்கா சோறு தொடவில்லை. ஜெபிக்க வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டாள். பிறகு தானே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"உபதேசியாரே, எல்லாரும் வந்து பிள்ள வெளிச்சத்துல இருக்குன்னு சொல்லுதாங்க. என்னால கேக்க முடியல. நீங்க வந்து சும்மா இருங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

அப்பா கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார்கள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அக்கா வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். விபத்துக்குப் பின் அவர்கள் முதன்முதலாக ஜெபித்தது அங்கேதான். "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீர் இருக்கீரான்னும் தெரியல. இருந்தா இந்தப் பிள்ளைக்க தாயப் பாரும்." அவ்வளவுதான். ஆமென் கூடச் சொல்லவில்லை. அக்கா அன்று கஞ்சி குடித்தாள்.

பார்வையோ பழைய சந்தோஷமோ அப்பாவுக்குத் திரும்பவில்லை. பிரசங்கம் செய்யவும் இல்லை. ஆனால் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும், யார் வீட்டில் அடியும் அழுகையும் கேட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். போய் உட்காருவார்கள். திரும்பி வந்ததும், "அவங்களுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்லையே" என்று அம்மாவிடம் அழுவார்கள். அப்படியிருந்தும் அடுத்த முறை கூப்பிட்டால் கம்பைத் தேடுவார்கள்.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் திணறினார்கள். ஒரு காலை என்னை அருகில் அழைத்து, "நான் போன பிறகு நோட்டீசு அடிப்பீங்கள்ல? அதுல மகிமையின் வெளிச்சத்துக்குள் பிரவேசித்தார்னு போட்ராத" என்றார்கள்.

"அப்ப என்னப்பா போட?"

மூச்சு வாங்கிக்கொண்டு, "தேடுனார்னு போடு. அது பொய்யில்ல" என்றார்கள். இரண்டாம் நாள் மதியம், அம்மாவின் கையைப் பிடித்தபடி போய்விட்டார்கள்.

ஜீப்பை ஓட்டி மலையிறக்கியவருக்கும், கட்டிலைத் தூக்கிய லயத்து ஆட்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், பதிலில்லாத நாட்களிலும் வந்து உட்கார்ந்த போதகர் ஐயாவுக்கும், அப்பாவைக் குளிப்பாட்டக் கைகொடுத்த எஸ்தர் அக்காவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அப்பா தேடியதைக் கண்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. கண்டிருப்பார்கள் என்று அம்மா நம்புகிறார்கள். எனக்குச் சில நாள் நம்ப முடிகிறது. சில நாள் முடியவில்லை. முடியாத நாட்களில், எங்களுக்காக நீங்கள் நம்புங்கள்.