எட்டரைக்கு முடிந்த கலியாண நாள்

என் மனைவி லக்சாயினியிடம் இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டுவிடாதீர்கள். எந்த ஊர் இன்று என்று திருப்பிக் கேட்பாள். சூரிச்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் டேட்டாபேஸ்களைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. அந்த உலகத்தில் 'இன்று' என்று கேட்பதற்கே பல கட்டளைகள் உண்டாம். ஒன்று வெறும் திகதியைத் தரும். இன்னொன்று மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் சேர்த்துத் தந்துவிட்டு, இன்றைய நிகழ்ச்சியைத் தேடினால் அந்த நொடியில் அப்படி ஒன்றுமே இல்லை என்று கைவிரிக்கும். போதாததற்கு, சேர்வர் என்கிற தலைமைக் கணினி எந்த ஊர் மணிக்கூட்டில் ஓடுகிறதோ அந்த ஊர் இன்றுதான் அதற்கு இன்று. காதலித்த காலத்தில் ரயிலில் வைத்து இதையெல்லாம் விளக்குவாள். நான் சமையல்காரன். அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்பேன்.

என் அம்மா பரமேஸ்வரி கலியாணத்துக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் சாதகம் பார்த்த யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் தொலைபேசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கலியாண நாள் முடியுமட்டும் ஒரு தடங்கல் காட்டுகிறதாம், அது ஒன்றும் நடக்காமல் கழிந்தால் பயமில்லையாம். கலியாணத்தன்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண்ட கத்தியையெல்லாம் ஒளித்து வைத்தார். நாங்கள் கேக்கைக் கரண்டியால் வெட்டினோம்.

வரவேற்பு சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லில் எங்கள் ஆட்களின் மண்டபம் ஒன்றில். மேடையில் உள்ள பெரிய திரையில் 'இன்றைய நிகழ்வு' என்று படமும் பெயரும் வரும், கீழே ராகுகாலம் ஓடும். அதைச் செய்து கொடுத்தவளே லக்சாயினிதான். மண்டப நிர்வாகத்தில் இருக்கிற அம்மா, பஞ்சாங்கம் இலங்கையினுடையது, ஆகவே மணிக்கூடும் இலங்கையினுடையதாக இருக்கவேண்டும் என்று கலியாணத்துக்கு முதல் கிழமை ஒற்றைக் காலில் நின்றார். வரப்போகும் மாமியுடன் மல்லுக்கட்டவா முடியும்? அவள் சேர்வரைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றினாள். படத்துக்கும் அதே 'இன்று'தான் என்பதைக் கலியாண அமளியில் மறந்துபோனாள்.

யூன் மாதத்து வெளிச்சம் இன்னும் அடங்கவில்லை. எட்டரை மணியானது. கொழும்பில் நள்ளிரவு. திரையில் எங்கள் படம் மறைந்து, மாலை போட்ட ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு வந்தார். அமரர் தம்பித்துரை, முப்பத்தோராம் நாள் நினைவு. அடுத்த நாள் அதே மண்டபத்தில் நடக்கவிருந்த நிகழ்ச்சி அது.

முன்வரிசையில் இருந்த தவராஜா அண்ணை எந்தக் கூட்டத்திலும் இறந்தவர்களுக்கான அகவணக்கத்துக்கு முதல் ஆளாக எழும்புகிறவர். மாலை போட்ட படத்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து தலையைக் குனிந்தார். அவரைப் பார்த்து வரிசை வரிசையாக மண்டபமே எழுந்தது. ரோல்ஸ் கடித்தவர்கள் கடித்த வாயோடு நின்றார்கள். பாட்டு நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாப்பிள்ளையாகிய நானும் எழுந்து நின்றேன்.

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. இனி ஆயுளுக்கும் லக்சாயினி அவருக்கு ராசியில்லாத மருமகள்தான் என்று பயந்தேன். அவளோ சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து அம்மாவிடம் ஓடினாள்.

"பிழை என்ரதான், மாமி. நீங்கள் சொன்னபடி இலங்கை நேரம் போட்டனான். அங்க இப்ப அடுத்த நாள் பிறந்திட்டுது. அதுதான் நாளையான் படம் வந்திட்டுது."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அங்க இண்டையான் நாள் முடிஞ்சுதோ?"

"ஓம் மாமி, முடிஞ்சுது."

"சாத்திரியாரும் அங்க இருந்துதானே சொன்னவர்," என்றார் அம்மா மெதுவாக. "அப்ப எல்லாம் கழிஞ்சுது."

அப்படியே கதிரையில் அமர்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். பிறகு தவராஜா அண்ணையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆடினார். நானும் லக்சாயினியும் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் ஆடினோம். தம்பித்துரை ஐயா திரையில் சிரித்தபடியே இருந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த ஐயாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய மகள் சிரித்தே விட்டார். அப்பா கலியாண வீடென்றால் கூப்பிடாமலே போகிறவர் என்றார்.

திரும்பி வந்ததும் லக்சாயினி பிழையைத் திருத்த மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு பிழை இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அம்மா வந்து மூடியில் கை வைத்தார்.

"அதைத் தொடாதை பிள்ளை. உன்னை நினைச்சு நான் பட்ட பயம் அதாலதான் மூண்டரை மணித்தியாலம் முதலே முடிஞ்சுது."

அவள் கணினியை மூடிவிட்டாள்.