சாரங்காவின் விரதம்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழர்களிடையே சாரங்காவை மிஞ்சிய பக்தை கிடையாது. பிறந்தநாள், பூப்பெய்திய பிள்ளைகளின் சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் ரோல்ஸையும் வடையையும் தொடமாட்டாள். "பிள்ளை விரதம்" என்று தாய் கமலநாயகி முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். நாட்காட்டியில் இல்லாத விரதங்கள்கூட அவள் பெயரில் நடந்தன.

உண்மை வேறு. சில வருடங்களுக்கு முன் சாரங்காவின் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, வயிற்றில் ஒரு பையைப் பொருத்தியிருந்தார்கள். கழிவு அதற்குள்தான் போகும். கண்டதையும் சாப்பிட்டால் வழியிலேயே அடைத்துக்கொள்ளும். "வெளியிலை தெரிஞ்சால் உன்னை ஆர் கட்டுவினம்?" என்பது கமலநாயகியின் கவலை.

இந்த லட்சணத்தில் பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்த ஆய்வு, சிகானாப் பெண்களின் எழுத்து. மெக்சிக்க வேர்கொண்ட அந்த அமெரிக்கப் பெண்கள் தங்கள் நோயையும் தழும்பையும் ஊரறிய எழுதியவர்கள். நல்ல பெண் என்று வீடு போட்டுவிட்ட வேடத்தை நோயுற்ற உடல் கழற்றி எறிகிறது என்று சாரங்கா ஜெர்மன் மொழியில் பக்கம் பக்கமாக எழுதினாள். எழுதி முடித்த கையோடு தொளதொள குர்தாவால் வயிற்றை மூடிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கடைசியில் அந்தப் பக்தியே வினையாயிற்று. டார்ம்ஸ்டாட்டில் இருந்து புஷ்பமலர் என்ற அம்மா மகனுக்குப் பெண் கேட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த நாட்டிலை இப்பிடி விரதம் பிடிக்கிற பிள்ளையை நான் காணேல்லை அக்கா" என்று கமலநாயகியிடம் உருகினார்.

தாய் வாய் திறக்குமுன் சாரங்கா பேசினாள்.

"நான் விரதமில்லை அன்ரி. எனக்குக் குடலிலை வருத்தம். வயித்திலை பை வைச்சிருக்கு. சாகுமட்டும் இருக்கும்." தாயின் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள். "இவ்வளவு நாளும் அம்மான்ர பொய்க்கு நானும் துணை போனன். இனி ஏலாது."

புஷ்பமலர் அவளைப் பார்க்கவே இல்லை. கமலநாயகியைத்தான் கேட்டார்: "பிள்ளை பெறுவாவோ?"

"என்னட்டைக் கேளுங்கோ அன்ரி, இஞ்சைதான் இருக்கிறன். பெற ஏலுமெண்டு டொக்டர் சொன்னவர். பெறுறதோ இல்லையோ எண்டதை நான் முடிவெடுப்பன்."

"நல்ல காலம், பழுதெண்டு இப்பவே தெரிஞ்சுது" என்றார் புஷ்பமலர், மறுபடியும் தாயிடம்.

சாரங்காவுக்குக் கண் கலங்கியது. அம்மா இனித் தன்னைத்தான் ஏசப்போகிறாள் என்று நினைத்தாள். கமலநாயகி எழுந்து வந்து மகளின் பக்கத்தில் நின்றாள்.

"மறைச்சது என்ர பிழை, புஷ்பமலர். என்ர பிள்ளையைப் பழுதெண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரப்படாது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."