தர்மண்ணைக்கு ருசி சொன்ன சனிக்கிழமை

யாராலும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று, எனக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்ச மரியாதையின் மேல் ஆணையிட்டு உறுதி தருகிறேன். மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதித் தர்மண்ணையை அறிந்தவர்கள் இதில் பாதியையாவது நம்புவீர்கள். என்னை அறிந்தவர்கள் அதையும் நம்பமாட்டீர்கள்.

செய்தி வந்தபோது வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். இமயமலையில் பாதி அன்று என் வாசலில்தான் கொட்டிக் கிடந்தது. தொலைபேசியில் தர்மண்ணையின் மனைவி கமலாக்கா. அழவில்லை.

"தம்பி, அவர் எங்களை விட்டுட்டுப் போட்டார். விடியத் தேத்தண்ணியோட போய் எழுப்பினன், எழும்பேல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ அக்கா, மூச்சு வருதோ எண்டு?" என்று கேட்டேன். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அந்த மடையனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

தர்மண்ணை வாழ்நாள் முழுவதும் மருந்துக்கடையில் மருந்து அளந்து கொடுத்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு பேஸ்மென்டில் இருந்த சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றி நான் மொன்றியல் முழுக்கப் பரப்பிய செய்தி இது: ஸ்கொட்லாந்தில் விஸ்கி தீர்ந்துபோனால் அந்த நாட்டு மந்திரிமார் இவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். உண்மையில் இருந்தது அலுமாரியில் ஒரு தட்டு. அதையும் அவர் ஆள் வராமல் தொடமாட்டார்.

முதல்தடவை போனபோது நான் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய கோலாப் போத்தலோடு படியிறங்கினேன்.

"உதென்ன கையில?"

"கோலா அண்ணை. கலக்கத்தான்."

"பிழையான வீட்டுக்கு வந்திட்டாய் தம்பி. பேர்த்டே பார்ட்டி பக்கத்து வீட்டில."

பிறகு காதுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாயை எடுத்து என் கிளாஸில் சில துளி தண்ணீர் விட்டார். சத்திரசிகிச்சை செய்பவர்கூட அவ்வளவு கவனமாக இருக்கமாட்டார். "முதல் வாய் நாக்கைத் தட்டி எழுப்ப. ரெண்டாவது வாயிலதான் விஸ்கி இருக்கு. அவதிப்படாதை, மெல்லக் குடி" என்றார்.

எங்களில் மூன்றாமவர் ராகவன் சார், சென்னைக்காரர், பாலங்கள் கட்டிய பொறியியலாளர். புகை மணக்கும் ஸ்கொட்லாந்துத் தீவு விஸ்கி ஒன்றைத் திறந்த அன்று அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன தர்மா இது, டிங்ச்சர் வாசனை வருது! ஆஸ்பத்திரில படுத்திருக்கற மாதிரி இருக்கு."

"ஆசுப்பத்திரியோ? நனைஞ்ச விறகில கருவாடு சுடுறாங்கள், உமக்கு மணக்கேல்லையே?"

அந்த வாக்குவாதத்தைக் கேட்க செயின்ட் லோரன்ஸ் நதி கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றது. தர்மண்ணையின் கிளாஸ் மட்டும் நிறைந்தபடியே இருந்தது. எப்போதும் அப்படித்தான். எங்களுக்கு ஊற்றிவிட்டு, நாங்கள் விழுங்கும்வரை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருடம் இருதய வைத்தியர் அவருக்கு ஒரு சொட்டும் ஆகாது என்று சொல்லிவிட்டார். நானும் ராகவன் சாரும் பார்க் எக்ஸ்டென்ஷன் தோசைக் கடையொன்றில் வல்லரசு மாநாடு கூட்டினோம்.

"அவர் முன்னாடி உட்கார்ந்து நாம குடிச்சா மனுஷன் எப்படிங்க தாங்குவார்?"

"ஓம் சேர், பாவம். அவருக்குச் சுகம் வரட்டும், பேந்து பாப்பம்."

எங்கள் ஆட்கள் இப்படித்தான். ஒருவருக்குச் சீனி வருத்தம் என்றால் அவர் கண்ணில் படாமல் வீட்டிலுள்ள லட்டையெல்லாம் ஒளித்துவைப்போம். அதற்கு அன்பு என்று பெயர்.

அதற்குப் பிறகு அப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு போய், மேலே வரவேற்பறை சோபாவில் நோயாளி பார்க்க வந்தவர்கள் போல இருந்தோம். காலநிலை பேசினோம். ஒருநாள் அவர் பேஸ்மென்ட் படியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கீழ போவமே?"

"இல்லை அண்ணை, இண்டைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தனான்."

நான் வந்தது பஸ்ஸில். நிறுத்தத்திலிருந்து நடந்ததில் முழங்கால் வரை அப்பியிருந்த பனி, கம்பளத்தில் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தர்மண்ணை அதைப் பார்த்தார். மெல்ல மெல்ல நாங்கள் போவதும் குறைந்தது.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவரே தொலைபேசி எடுத்தார். "குடிக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னது எனக்கு. உங்கள் ரெண்டு பேரையும் ஆர் மறிச்சது? சனிக்கிழமை பின்னேரம் வாங்கோ. அப்பிள் கொண்டுவந்தியளெண்டால் கதவு திறக்கமாட்டன்."

போனோம். பேஸ்மென்டில் புதுப் போத்தலைத் திறந்து எங்களுக்கு ஊற்றினார். தனக்குச் சுடுதண்ணீர். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் குற்றவாளி போலக் குனிந்திருந்தேன்.

"சொல்லு."

"என்னத்தை அண்ணை?"

"வாயில இருக்கிறதை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

ராகவன் சார் கண்ணை மூடிக்கொண்டார். "மொதல்ல வெல்லப்பாகு மாதிரி இருக்கு தர்மா. அப்புறம் மெதுவா புகை வருது. ஆமா, நீங்க சொன்ன கருவாடுதான்." அவ்வளவு காலம் ஆஸ்பத்திரி என்று சாதித்தவர் அன்று தோல்வியை ஒப்புக்கொண்டார்.

என் முறை வந்தது. என் பொய்க்கு வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வேலை கிடைத்தது. "அண்ணை, ஸ்கொட்லாந்து ராசா தேன்கூட்டுக்குள்ள கப்பல் விட்டிட்டார். கப்பல் நிறையச் சுட்ட தோடம்பழம். இப்ப என்ர தொண்டையில நெருப்புப் பிடிச்சு மாலுமியெல்லாம் குதிக்கிறாங்கள்!"

தர்மண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேலேயிருந்து கமலாக்காவின் குரல் வந்தது: "அவர் அங்க என்ன குடிக்கிறார்?"

"சுடுதண்ணி அக்கா!"

"சுடுதண்ணிக்கோ இந்தச் சிரிப்பு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேந்து? மாலுமியளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். எங்கள் நாக்கால் அவர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அவரிடமிருந்து நாங்கள் ஒளித்துவைத்தது விஸ்கியை அல்ல, எங்களை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசலில் சப்பாத்து மாட்டும்போது, "அடுத்த சனியும் வருவியளோ?" என்றார். "ஓம் அண்ணை" என்றேன். அந்தச் சனிக்கு முன்பே கமலாக்காவின் அழைப்பு வந்துவிட்டது.

அவரிடமிருந்து ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. யாருக்கு எதை ஊற்றிக் கொடுத்தாலும், என் கிளாஸைத் தொடாமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன, நஞ்சு போட்டனீங்களோ?" என்கிறாள்.

ராசாவும் கப்பலும் நின்று கேட்ட நதியும் என் கைச்சரக்கு. அவற்றைத் தாராளமாகத் தள்ளிவிடுங்கள். வாசலில் சொன்ன அந்த "ஓம்" மட்டும் உண்மை. பஸ்ஸில் வந்துவிட்டுக் கார் என்று சொன்னவன் வாயிலிருந்து வந்ததை அவர் நம்பினாரோ, தெரியாது.