மூக்கடைத்தவர் வாங்கிய பூவாசனை

ஹிரானுமா சார் முப்பத்தெட்டு வருடம் நகராட்சிக்காகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அந்த ஞானத்தோடு ஓய்வுபெற்று, மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போன வீட்டில், ஓர் ஆளுக்கு மட்டுமே ஓடுகிற மீட்டரோடு வாழ்ந்துவந்தார். "குளியல் நீர் தயார்" என்று சுவரிலுள்ள இயந்திரம் பெண்குரலில் சொல்லும். "ரொம்ப நன்றிங்க" என்பார். அன்றாடப் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அதோடு சரி.

பிப்ரவரிக் கடைசியில் மகள் கோதொமி வடக்கே செண்டாய் நகரத்திலிருந்து போனில் கூப்பிட்டாள். அம்மாவோடு போனவள், ஏழு வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை.

"சனிக்கிழமை வேலையா அந்தப் பக்கம் வரேன்பா. மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வரட்டுமா? சாகே இருந்தா குடிக்கலாம். இந்த சீசன்ல பூ வாசனையோட வருமே, அது எனக்குப் பிடிக்கும்."

மகளுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குக் கிடைத்த முதல் அதிகாரபூர்வத் தகவல் அதுதான். ஒரு மணி நேரம் இரண்டாக வேண்டும். அடுத்த முறை என்று ஒன்று வேண்டும். இவ்வளவு பொறுப்பையும் ஒரு பாட்டிலின் தலையில் ஏற்றிவிட்டார்.

ஆனால் பூவாசனையுள்ள சாகே, அதாவது எங்கள் அரிசி மது, கடைக்கு வருகிற அதே மாதத்தில்தான் எங்கள் மலைகளில் சுகி என்கிற ஊசியிலை மரங்கள் மகரந்தத்தைக் கொட்டுகின்றன. ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு இருக்கும், வேலை செய்யாது. இயற்கைக்கும் சாராய ஆலைகளுக்கும் கலந்தாலோசிக்கிற வழக்கமே இல்லை.

சாகே கடை நெகிஷி அம்மாள் மூன்று சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்தார்.

"இது எப்படி இருக்கு சார்?"

"பேரிக்காய்."

"இது?"

"பேரிக்காயேதான். கொஞ்சம் தூரத்துல இருக்கு."

"மூணாவது?"

"இதுல பூவும் சேர்ந்திருக்கு."

"அது வெறும் தண்ணி சார். வாய் கொப்பளிக்க வெச்சது." நெகிஷி அம்மாள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. "மூக்கு அடைச்சிருக்குன்னு சொன்னா நானே ஒண்ணு எடுத்துத் தந்துருவேனே."

"அடைப்பா? எனக்கா?" என்று முகமூடிக்குள் தும்மியவர், பிளம் பூப் படம் போட்ட பாட்டில் ஒன்றைச் சுட்டினார். "இது."

"அது சுட்ட மீனுக்குத் தோதா வறட்டுனு இருக்கும். பூவாசனையெல்லாம் கிடையாது."

"எனக்கு நல்லா வருதே."

"இன்னும் மூடியே திறக்கலையே சார்."

இதற்கு மேல் பின்வாங்கினால் முப்பத்தெட்டு வருட நகராட்சி கௌரவம் என்னாவது? அதையே வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை கோதொமி முகமூடியும் சிவந்த கண்ணுமாக வந்தாள். அவருக்கும் கண் சிவந்திருந்தது. எதிராளி அழுதிருக்கிறார் என்று இருவரும் நினைத்து, நாகரிகமாக அதைப் பற்றிப் பேசாமல் விட்டார்கள். அவள் பாட்டிலை எடுத்து அவருக்கு ஊற்றினாள். தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொள்வது எங்கள் வழக்கத்தில் மரியாதை ஆகாது. ஏழு வருடமாக அந்த மரியாதைக் குறைவை அவர் தன் வீட்டிலேயே செய்துவந்தார்.

தன் முறை வந்ததும் அவர் அவளுக்கு ஊற்றினார். அவள் முகமூடியை இறக்கி முகர்ந்தாள். அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூ வாசனைப்பா."

"அப்படியா?"

"ம். ஆப்பிள் பூ மாதிரி. தேடி வாங்குனீங்களா?"

"கண்ணுல பட்டுது, எடுத்தேன்."

நெகிஷி அம்மாளுக்குத் தொழில் தெரியாது என்று அந்தக் கணத்தில் முடிவுகட்டினார். மூன்று கிண்ணம் ஆயிற்று. செண்டாயின் பனியைப் பற்றியும் ரயில் தாமதங்களைப் பற்றியும் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் எழுந்தாள்.

"முடிஞ்சா ஜூன்ல வரேன்பா."

"முடிஞ்சா வா."

அவள் போனபின், காலையில் காலிசெய்து வைத்திருந்த குப்பைக்கூடையைப் பார்த்தார். கசங்கிய காகிதக் கைக்குட்டைகள் ஒரு குவியல். அடியில் ஒரு மாத்திரை அட்டை, காலி. அவர் விழுங்குகிற அதே மகரந்த ஒவ்வாமை மாத்திரை. மது அருந்தக்கூடாது என்று சிவப்பில் எச்சரிக்கிற மாத்திரை.

பூ என்ன, நெருப்பு பிடித்திருந்தாலும் அவளுக்கு வாசனை தெரிந்திருக்காது. அவரிடம் மெனக்கெட்டு ஒருவர் பொய் சொல்லி ஏழு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குப்பை அள்ளுவது வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை அந்த மாத்திரை அட்டை குப்பையோடு போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை.