பெயர் ஒட்டிய பாக்கெட்

போன செவ்வாய்க்கிழமை காலை. துணி உலர்த்த மாடிக்குப் போன என்னைப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெரேஸ் அக்கா கூப்பிட்டார் – கையைக் காட்டி. வாயைத் திறந்து கூப்பிட்டால் கீழே இருக்கிற கணவருக்குக் கேட்டுவிடுமாம்.

"அவரு சக்கர மாத்திரைய நிறுத்திட்டாரும்மா. மூணு வாரமா தொடல. இன்னிக்குத்தான் பாத்தேன்... டப்பா அப்படியே இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அவரு' என்றால் லூயி முசியே. புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெரு முழுவதற்கும் அவர் முசியேதான் – பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். எழுபதைத் தாண்டியும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். ஆனால் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பத்து நாள் முன்பு தேங்காய்த்திட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் கால் கட்டைவிரலில் கெளுத்தி முள் குத்திவிட்டது. சின்னக் காயம்தான். இன்னும் ஆறவில்லை...

சர்க்கரைக்காரர் காலில் ஆறாத காயம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

"ஏன் நிறுத்தினாராம்?"

"எல்லாம் அந்தப் பாக்கெட்டுதான். அவரு பேரு போட்டு வருதே, அது."

அந்தப் பாக்கெட்டை எனக்கும் தெரியும். என் பெயர் போட்ட பெட்டி ஒன்று என் வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயும் உட்கார்ந்திருக்கிறது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். பின் தெருவில் குமார் என்று ஒருவர். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் படுத்துவிட்டபோது கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களில் ஒருவர். அதற்கப்புறம் ஆட்டோ ஓட்டினார், ஜெராக்ஸ் கடை வைத்தார், கேபிள் டிவிக்கு வயர் இழுத்தார். எங்கள் வீட்டு மோட்டார் மக்கர் பண்ணும்போதெல்லாம் ஸ்பேனரோடு வந்து நிற்பார். காசு கொடுத்தால் "இருக்கட்டும்க்கா" என்று போய்விடுவார். அப்படிப்பட்ட குமார் இரண்டு மாதம் முன்பு, புதுச்சேரி வெயிலில், டை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

டை கட்டி வீட்டுக்கு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சித்திரை மாதத்தில் டை கட்டுகிறவர் ஒன்று மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதையாவது விற்க வந்திருக்க வேண்டும்.

"அக்கா, இது சத்து மருந்து. ஆனா கடையில விக்கிற டானிக் மாதிரி கிடையாது. உங்க உடம்புக்குன்னே தனியா செஞ்சு அனுப்புவாங்க. நீங்க ஃபாரத்த மட்டும் நிரப்புங்க. மத்தத கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"அவ்வளவு நல்ல பொருள்னா ஏன் கடையில வைக்கல?"

"கடையில வச்சா எல்லாருக்கும் பொதுவாயிடுமேக்கா."

பதில் தயாராக இருந்தது. இந்த மாதிரி ஆட்களிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். கேள்வியை நாம் கேட்பதற்கு முன்னாலேயே யாரோ ஒரு ஹோட்டல் ஹாலில் வைத்து மனப்பாடம் பண்ண வைத்திருப்பார்கள்.

ஃபாரம் பச்சை நிறம். கேள்விகள் ஐம்பதுக்கு மேல். நகம் உடைகிறதா? சாப்பிட்டவுடன் தூக்கம் வருமா? கோபம் வந்தால் கூடவே அழுகையும் வருமா? காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன நினைப்பு வரும்?

கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்து டாக்டரிடம் போனால், அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பதற்குள் சீட்டு என் கைக்கு வந்துவிடுகிறது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது – எனக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர். ஆனால் இங்கே ஒரு பச்சைத் தாள், என்னைப் பற்றியே ஐம்பது கேள்விகள் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருக்கிறது. மனுஷி மயங்குவாளா மாட்டாளா?

அந்தக் கம்பெனி உண்மையில் விற்பது பொடியை அல்ல, விசாரிப்பை என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் ஃபாரத்தை நிரப்பினேன். விலையைச் சொல்ல மாட்டேன். என் கணவர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்.

பத்து நாளில் பெட்டி வந்தது. உள்ளே முப்பது பாக்கெட். ஒவ்வொன்றிலும் இனிஷியலோடு என் முழுப் பெயர். கூடவே கலர் பிரிண்டில் ஒரு ரிப்போர்ட்: 'உங்கள் உடல் தனித்துவமானது' என்று ஆரம்பித்தது. யாருடைய உடம்புதான் தனித்துவமில்லாதது? பொடியைத் தண்ணீரில் கலக்கினால் ஆரஞ்சு மிட்டாய் வாசனை. நான்கு நாள் குடித்தேன். ஐந்தாம் நாள் மறந்துவிட்டேன். உடம்பில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. பெட்டி ஃபிரிட்ஜ் மேலே ஏறிவிட்டது.

சரி... செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். துணியை அப்படியே போட்டுவிட்டு முசியே வீட்டுக்குப் போனேன். காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் அவரே போட்ட கட்டு. சுற்றிலும் சிவந்திருந்தது.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே முசியே?"

தெரேஸ் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்தார். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் வீடுகளில் இது ஒரு பழக்கம் – தொசியே. பிறந்தது, கல்யாணம் ஆனது, வேலைக்குச் சேர்ந்தது, ஓய்வு பெற்றது எல்லாவற்றுக்கும் காகிதம், அதற்கு மூன்று நகல், தேதிவாரியாக அடுக்கிய ஃபைல். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கே வருஷா வருஷம் காகிதம் கொடுத்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள். அவர்களுக்குக் காகிதம் என்றால் அப்படி ஒரு மரியாதை இருக்காதா?

தொசியேயில் அந்தக் கலர் ரிப்போர்ட் பத்திரமாக இருந்தது. குடும்பப் பெயர் முதலில், பெரிய எழுத்தில். பிறகு அவர் பெயர். பிறந்த தேதி, பிறந்த ஊர். அடியில் வட்டமாக ஒரு முத்திரை, கையெழுத்து.

"பாருங்க. டாக்டரு சீட்டுல என்ன எழுதறாரு? பேரு, வயசு. அவ்ளோதான். அதுவும் கோழி சீச்ச மாதிரி எழுத்து. இதுல என்னப் பத்தி நாலு பக்கம் இருக்குது."

"மாத்திரையை நிறுத்தச் சொல்லி இதுல எழுதியிருக்கா?"

"எழுதல. குமாரு கூட்டிட்டுப் போன மீட்டிங்ல ஒருத்தரு சொன்னாரு. ரெண்டும் உள்ள போனா ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுமாம்."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சத்துப் பொடி தப்பு என்று நான் சொல்லவில்லை. ரத்தம் குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து நானே இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அது ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுக் கொடுத்தது. இவர்கள் நகம் உடைகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை, சத்துக்குப் பொடி – இதற்கு அது எப்படி மாற்று ஆகும்?

முசியே பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"எழுத்தாளரம்மா, நீங்களே இப்படிப் பேசினா எப்படி? நீங்க சொல்லித்தான் நான் நிறுத்தினேன்."

"நானா?"

"தெரு முனையில கேட்டேன்ல, பொடி எப்படி இருக்குதுன்னு. 'நல்லா இருக்கு முசியே, உடம்பே லேசா இருக்கு'ன்னீங்க. குமாருகூடப் பக்கத்துல நின்னான். மீட்டிங்ல ஆயிரம் சொல்லுவாங்க, நான் நம்பல. ஆனா நீங்க எதையும் லேசுல நம்பாத ஆளு. நீங்களே சொல்லிட்டீங்களேன்னுதான் அன்னிக்கு சாயந்திரம் டப்பாவ எடுத்து உள்ள வச்சேன்."

உட்கார்ந்த இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

சொன்னேனா? சொன்னேன். ஃபிரிட்ஜ் மேலே ஏற்றி வைத்த பொடியைப் பற்றி, நான்கே நாள் குடித்த பொடியைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் குமார் டையைத் தளர்த்தியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ரிப்பேருக்குக் காசு வாங்காத மனுஷன். அவரை வைத்துக்கொண்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு எப்படி என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அந்த மாதிரிச் சொன்னது.

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது முசியே."

"சும்மாவா? உடம்பு விஷயத்துல சும்மா எதுக்குச் சொல்லணும்?"

கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. 'இந்தப் பொடி வேண்டாம் என்பதற்கு ஒரு காகிதம் காட்டுங்கள், பார்க்கலாம்' என்று ரிப்போர்ட்டைத் திரும்பவும் ஃபைலில் வைத்துவிட்டார்.

நேராகக் குமார் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஹாலில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று பிரித்துக் கிடந்தது. அவர் மனைவி செல்வி தரையில் உட்கார்ந்து, டிவி பார்த்தபடி, ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டிக்குள் கையை விடுகிறார், முப்பது பாக்கெட் எடுக்கிறார், ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒவ்வொரு பெயராக உரித்து ஒட்டுகிறார். அந்தத் தாள் முடிந்ததும் அடுத்த தாள். மறுபடி அதே அட்டைப்பெட்டிக்குள் கை.

"செல்வி, இது யாருக்கு?"

"இது பேங்க்ல வேல செய்ற அம்மாவுக்குக்கா."

"அவங்களுக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்டிக்கர்ல போட்டிருக்குதே."

"ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னால?"

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாம் ஒரே பெட்டியிலதானக்கா வருது."

முகம் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்த குமார் அப்படியே நின்றுவிட்டார். மில்லில் பார்ட் நம்பர் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட மாட்டாத ஆள். ஒட்டின பாக்கெட் ஒன்றையும் ஒட்டாத பாக்கெட் ஒன்றையும் எடுத்துப் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரே நம்பர், ஒரே சரக்கு. கடைசியாக அலமாரியிலிருந்து தன் பெயர் போட்ட பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். அவரும் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கம்பெனியிலயே பிரிச்சு அனுப்புவாங்க, நாம பேரு மட்டும் ஒட்டறோம்னு நெனச்சேன்க்கா. ரெண்டு மாசமா நானும்தான் ஒட்டறேன்... திருப்பிப் பாக்கணும்னு தோணல."

ஏமாற்றுகிறவர் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. இருந்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. முசியேயின் மாத்திரையையும் காலையும் பற்றிச் சொன்னேன்.

"நிறுத்திட்டாரா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"மீட்டிங்ல சொன்னாங்களாமே, ரெண்டும் சண்டை போடும்னு."

"சொன்னாங்க." கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தார். "நானும் கை தட்டினேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு, டை இல்லாமல், என்னோடு வந்தார். முசியே உட்காரச் சொன்னார். குமார் உட்காரவில்லை.

"முசியே, எல்லாம் ஒரே பொடிதான். உங்க பேர எங்க வீட்டுல செல்விதான் ஒட்டினா. உங்க பாக்கெட்ட அக்காவுக்கும் அக்காவோடத உங்களுக்கும் மாத்தி ஒட்டியிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மாத்திரையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

முசியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரேஸ் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு முசியே ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குமாரிடம் நீட்டினார். "எழுதிக் குடு." குமார் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முசியே படித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் எதுக்கு முசியே?"

"அவன் பேச்ச நான் கேக்கல. உங்க பேச்சத்தான் கேட்டேன்."

எழுதினேன். அதற்கப்புறம்தான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு குமாரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். டாக்டர் கத்தித் தீர்த்துவிட்டார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம். தினமும் கட்டு மாற்றுகிறார்கள். நேற்று சிவப்பு கொஞ்சம் குறைந்திருப்பதாகத் தெரேஸ் அக்கா சொன்னார், இந்தத் தடவை வாய் திறந்தே சொன்னார். குமார் பெட்டிகளைத் திருப்பி அனுப்பப் போகிறாராம். கம்பெனி வாங்கிக்கொள்ளுமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் ஒன்று. கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், ஃபாரத்தைச் சந்தேகப்பட்டேன், டையைக்கூடச் சந்தேகப்பட்டேன். அத்தனை சந்தேகத்தையும் மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்மைப் போன்ற மரியாதைக்காரர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் போதாதா, எந்தப் பொடியும் விற்றுவிடாதா?

அந்தத் தாளில் நான் எழுதியது ஒரே வரி: 'பொடி நல்லா இருக்கு என்று நான் சொன்னது பொய்.' கீழே கையெழுத்து, தேதி. ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். முசியே ஒத்துக்கொள்ளவில்லை – மூன்று நகலையும் கையால்தான் எழுத வைத்தார்.