தினம் ஒரு விதமாகச் சொன்னவர்

செய்தி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. வேலைக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த துரைராசு அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். நான் படித்து முடிப்பதற்குள் கூப்பிய கைகளும் 'ஆழ்ந்த இரங்கல்'களும் திரையை நிறைத்துவிட்டன. அவர் இருந்திருந்தால், "எவன்டா படிச்சுட்டுப் போட்டான்?" என்று திட்டியிருப்பார்.

கப்பல் பட்டறையில் அவரும் நானும் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள். காலையில் வேலை தொடங்குமுன் ஆட்களை நிறுத்தி எச்சரிக்கை சொல்லும் கூட்டம் எங்கள் பொறுப்பு. உயரத்தில் ஏறினால் பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டு, வெல்டிங் மாதிரி நெருப்பு வேலைக்கு அனுமதி வாங்கு என்று தினமும் அதையே சொல்ல வேண்டும். நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது.

ஒரு நாள் காலை, வழக்கமான குரலில், வழக்கமான வேகத்தில், "எல்லாரும் ஹூக்க மாட்டாம மேல ஏறுங்க, சரியா?" என்றார். "சரி சார்!" என்று மொத்தக் கூட்டமும் முழங்கியது. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். யாரோ ஒருவன் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "சாகச் சொன்னாக்கூட சரிங்கிறீங்களேடா!" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் டீ குடித்தபடி எனக்கு விளக்கினார். "ஊர்லேர்ந்து புதுசா வர்றவனுக்கு இங்க ஒவ்வொரு வார்த்தையும் பயம் லா. படுக்கையிலகூட சொல்லிப் பாப்பான். புது வார்த்தை விருந்தாளி, எந்திரிச்சு நின்னு கவனிப்போம். பழகிட்டா வீட்டோட மாப்பிள்ளை. இருக்கானா இல்லையான்னுகூட எவனும் பாக்க மாட்டான்."

"அதுக்கு என்னண்ணே பண்றது?"

"மாப்பிள்ளைக்கு தினம் ஒரு புதுச் சட்டை மாட்டிவிடு."

அதன் பிறகு அவர் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் வெல்டர் குமாரைப் பேசவிடுவார். இன்னொரு நாள் வாயே திறக்காமல், பெல்ட்டைத் தப்பாக மாட்டிக்கொண்டு, ஆட்கள் கண்டுபிடித்துக் கத்தும்வரை நிற்பார். கூட்டம் நீள்கிறது என்று அலுவலகத்தில் முனகினார்கள். "ஆள் விழுந்தா இன்னும் நீளும் சார்" என்றார் அண்ணன்.

அதே குமார் ஒரு மழைநாளில் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தான். கொக்கி மாட்டியிருந்ததால் அந்தரத்தில் தொங்கினான். அவனைக் கீழே இறக்கியதும் எங்கள் எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார் அண்ணன். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. நான் சொல்லி எவனாவது மாட்டியிருப்பானா?

காரியம் முடிந்த பின் செங்காங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"வேலைக்குக் கெளம்புறப்ப போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லிட்டுப் போக மாட்டாரு தம்பி. தினம் ஒண்ணு சொல்வாரு. ஒழுங்கா சொல்லிட்டுப் போங்களேன்னு நான் திட்டுவேன்."

கடைசி நாள் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணியே சொன்னார்.

"கிச்சன் பல்பு போயிடுச்சு. சாயங்காலம் வந்து நானே மாத்துறேன், நீ ஸ்டூல்ல ஏறிடாதன்னாரு. நான் ஏறல தம்பி."

சமையலறை இருட்டாகவே இருந்தது. கீழே கடையில் பல்பு வாங்கி வந்து மாற்றினேன். நான் இறங்கும்வரை அண்ணி ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். சொன்னதோடு நகர்ந்துவிடாமல், கேட்டவர் முகத்தைப் பார்த்து நிற்பது. நாளை முதல், அண்ணே, உங்கள் ஆட்களுக்கும் நான்தான் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் வாயால் சொல்லிவிட்டு அவர்களை மேலே ஏற்ற மாட்டேன், அண்ணே.