டெய்லர் மாட்டிய டை ராடு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, முன்சக்கரம் கழற்றிய காருக்கடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தவனுக்கு மெக்கானிக் வேலையில் ஆனா ஆவன்னா தெரியாது. அவன் டெய்லர். பத்தொன்பது வருஷமாக ஒரே கடையின் பின்னறையில், ஒரே மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊரார் பேண்ட்டுக்கெல்லாம் இடுப்பைப் பிடித்தும் விட்டும் கொடுத்துக்கொண்டிருப்பவன். பெயர் சொல்லிக் கூப்பிட இருந்த ஒருத்தியும் போன வருஷம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவன் எல்லாருக்கும் டெய்லர்தான்.

குடி, அடி, சண்டை என்று ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் அதையாவது காரணம் சொல்லி ஆறிக்கொள்ளலாம். காலையில் போவான், ராத்திரி வருவான், சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுப்பான். வாயைத் திறந்தால்தானே மனுஷன்? அவளும் பேசிப் பேசிப் பார்த்து ஒரு நாள் நிறுத்திவிட்டாள். அவள் போன பிறகுதான் இந்த மடையன் வெறும் சுவரோடு பேசக் கற்றுக்கொண்டான்.

மாசத்தில் இரண்டு ஞாயிறு, மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை, ஏழு வயது மகள் அவனோடு இருக்கலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. போன முறை அதற்கும் முட்டுக்கட்டை விழுந்தது. மனைவியின் அண்ணன் பஸ் டிரைவர். வாசலில் காரைப் பார்த்ததும் குனிந்து முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். டொக், டொக் என்றது.

"மாப்ள, டை ராடு முனை தேஞ்சு போச்சு. ஸ்டீயரிங்க சக்கரத்தோட சேத்துப் புடிச்சிருக்கறதே அதான். ஓடும்போது கழண்டா நீ ஒரு பக்கம் திருப்புவ, சக்கரம் இன்னொரு பக்கம் போகும். இதுல புள்ளைய ஏத்த மாட்டேன். கோவிச்சுக்காத."

டெய்லர் கோபித்துக்கொள்ளத்தான் செய்தான். வீட்டுக்கு வரும்வரை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினான். ஆனால் மச்சான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பது அவன் கைக்கே தெரிந்தது. ஸ்டீயரிங் கையில் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டு வந்தது.

இந்த ஞாயிறு போனால் அவ்வளவுதான். புதன்கிழமை அவள் பிள்ளையோடு வேறு ஊருக்குக் குடிபோகிறாள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் போக வேண்டிய தூரம். மெக்கானிக்கோ செவ்வாய்க்கிழமைதான் கை ஒழியும் என்றுவிட்டார். அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் ஓடாது, மச்சான் ஓட்டுவது வேறு ரூட், அவ்வளவு தூரம் ஆட்டோவும் வராது. மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று வேறு பாக்கி இருந்தது. கடைக்குக் கூட்டிப்போய் அவளையே மெஷின் மிதிக்கவிட்டு, பொம்மைக்கு ஒரு கவுன் தைக்க வேண்டும். போன முறையே தைத்திருக்க வேண்டியது.

அதனால் புது முனையைச் சனிக்கிழமையே அவனே வாங்கி வந்துவிட்டான். மாட்டுகிற விதத்தைக் கடைக்காரரிடம் மூன்று தரம் கேட்டுக்கொண்டான்.

பழையதைக் கழற்றுவதற்குள்ளேயே உயிர் போய் உயிர் வந்தது. நட்டைப் பூட்டியிருந்த துருப்பிடித்த கம்பிப் பின் உள்ளேயே ஒடிந்தது. நட்டு நகரவில்லை. அது நகர்ந்த பிறகு முனை அசையவில்லை. எண்ணெய் விட்டான், தட்டினான், கெஞ்சினான். கடைசியில் கண்மண் தெரியாமல் அடித்ததில் அதன் தலை நசுங்கிக் குழியிலிருந்து கழன்று வந்தது. இனி அதைத் திரும்ப மாட்ட வழியில்லை. அது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்று புதியதை ஏற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை ராடிலிருந்து திருகி எடுக்கும்போது சுற்றை எண்ணிக்கொண்டே, ராடின்மேல் தையல் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டான்.

மாடியில் துணி காயப்போட்ட டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். "என்ன டெய்லர், வண்டிக்கு அளவு எடுக்கறீங்களா?"

"ஆமாங்க, முழுக்கை வச்சுத் தரணும்" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பதினான்கு சுற்று ஏற்றி, முனையை அதன் குழியில் இறக்கி, நட்டைப் போட்டு இறுக்கியபோது மணி பன்னிரண்டு. ஒரே ஒரு பின் மட்டும் பாக்கி. நட்டின் தலையில் இருக்கிற வெட்டும் அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் ஆணியில் இருக்கிற துளையும் நேராக வந்தால் பின்னைச் செருகி மடக்கிவிடலாம். நட்டு அதற்குமேல் கழன்று வராது. வெட்டும் துளையும் நேராக வரவில்லை. ஒரு நூல், ஒரே ஒரு நூல் தள்ளி நின்றது.

துணியில் இது அவனுக்கு ஒரு விஷயமே இல்லை. காஜாவும் பட்டனும் ஒரு நூல் தள்ளி நின்றால் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைப்பான். துணி கொடுக்கும். பத்தொன்பது வருஷப் பழக்கம் கையில் ஊறிக் கிடக்கிறதே! ஸ்பானரின் பின்னால் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். நட்டு முனகிக்கொண்டு வந்தது. வெட்டும் துளையும் நேரானது. அதே நொடியில் ஸ்பானர் வெண்ணெயில் இறங்கிய கத்தியாக லேசாகிப் போனது.

மரை, நட்டைப் பிடிக்கிற அந்தத் திருகு வரி, உரிந்து போய்விட்டது. நட்டில் மட்டுமல்ல, ஆணியிலும். விரலால் திருப்பினாலே நட்டு சுற்றியது. அடப் பாவி, அடப் பாவி என்று தன்னையே நெற்றியில் அடித்துக்கொண்டான். கிரீஸ் முகமெல்லாம் அப்பியது. தெருத் தெருவாக ஓடினான். உதிரிபாகக் கடை பூட்டியிருந்தது. மெக்கானிக் வீட்டிலும் பூட்டு. திரும்பி வந்து காருக்கடியில் படுத்து, பெரிய ஆம்பிளை, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பிறகு அந்தத் துளையில் பின்னைச் செருகி மடக்கினான். பார்க்க அத்தனை ஒழுங்காக இருந்தது. சக்கரத்தை மாட்டி ஆட்டிப் பார்த்தான். ஆணி குழியில் இறுகி உட்கார்ந்திருந்ததால் இம்மியும் அசையவில்லை. இன்றைக்குத் தாங்கும், இந்த நாலு மணி நேரம் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் மாட்டுவண்டி வேகம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே திட்டினார்கள்.

மச்சான் டியூட்டிக்குக் கிளம்பி, காக்கிச் சட்டையில் வாசலிலேயே நின்றார். குனிந்து சக்கரத்தை ஆட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடியும் ஆட்டினார்.

"யாரு மாட்டினது?"

"நான்தான் மச்சான்."

"பரவாயில்லயே! கல்லு மாதிரி நிக்குது. அன்னிக்குச் சொன்னத மனசுல வச்சுக்காத மாப்ள" என்று தோளில் தட்டினார். வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏம்மா, புள்ளைய அனுப்பு" என்றார்.

பிள்ளை ஏற்கெனவே ஷூ மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். கையில் பை. பையிலிருந்து பொம்மையின் தலை எட்டிப் பார்த்தது. ஓடி வந்து, தானே கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"ஏறாத கண்ணு" என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பேச வேண்டிய இடத்திலெல்லாம் வாயை மூடியே குடும்பத்தைத் தொலைத்தவன், இப்போது பேசினான். "மச்சான், அது நிக்கறது நெசம் இல்ல. மரைய நான் உரிச்சுட்டேன். நட்டு சும்மா சுத்துது. பின்னு மட்டும்தான் புடிச்சிருக்கு. இதுல புள்ள வேணாம்."

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதுவரை படியிலேயே நின்றிருந்த மனைவி இரண்டு படி இறங்கி வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசினாள்.

"தெரிஞ்சேதானா இதுல இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தீங்க?"

"நான் மட்டும்தானே வந்தேன்" என்றான்.

பிள்ளை வைத்த காலை எடுக்காமல், மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, அப்போ ஷூவக் கழட்டிடவா?"

டெய்லர் அவள் முன்னால் மண்டியிட்டான். ஷூ லேஸை அவளே கட்டியிருக்க வேண்டும், முடிச்சுமேல் முடிச்சாக இருந்தது. எந்த முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கிற விரல்கள் அவனுக்கு. ஆனாலும் மெதுவாகத்தான் அவிழ்த்தான்.